பதினேழு கப்ளர்

கணக்கில் பதினேழு கப்ளர் குறைகிறது,
இரண்டாவது மாதமாக.
ஆறு மீட்டர் குழாய் ஒன்றும் காணோம்.
ஜூலை முடிவு. சஜ்ஜா. வெளியே நாற்பத்தெட்டு.

"சைட்ல விழுந்திருக்கும்" என்கிறார் ஃபோர்மேன்.
"மணல் தின்றிருக்கும்" என்கிறார் டிரைவர் குல்சார்,
இந்தி பாதி, தமிழ் பாதி.
மணல் எண்ணிப் பார்த்தா தின்னும்?

ரிஜிஸ்டரைக் கக்கத்தில் இடுக்கி
யார்டுக்குப் போனேன்.
பன்னிரண்டரை.
மூன்று மணிவரை வெயிலில் வேலை கூடாது என்பது சட்டம்.
சாரம் கட்டுகிறவர்கள் எங்கோ படுத்திருப்பார்கள்
என்று நினைத்தேன்.

லாரி பானெட்டில் ஒரு பறை
முகம் மேலாகக் கிடந்தது.
தொட்டேன். சுட்டது.
"இங்க தீ மூட்ட வேண்டாம் மேடம்,
வெயிலே காய்ச்சிக் குடுத்திரும்"
என்றான் மாசானமுத்து.
கல்யாணத்துக்கா, சாவுக்கா என்றேன்,
என் வாய்க்கொழுப்பு.
"சம்பளம் போடுற அன்னைக்கு" என்றான்,
சிரிக்காமல்.

திரும்பும்போது குல்சாரின் பிக்கப்பில்
ஒரு பென் டிரைவ் செருகியிருந்தது.
மேலே ஒட்டிய டேப்பில் பால்பாயிண்ட் எழுத்து:
கப்ளர். முதல் ஆல்பம்.
பன்னிரண்டரை முதல் மூன்று வரை.

முதலில் ஒரு டக்.
கன்டெய்னரில் ஏசியை அணைக்கிற சத்தமாம்.
அது ஓடினால் ரெக்கார்டிங்கில் இரைச்சல் ஏறும்,
அணைத்தால் ஏழு நிமிடத்துக்கு மேல் மூச்சு நிற்காது.
அதனால்தான் எந்தப் பாட்டும்
ஏழு நிமிடத்தைத் தாண்டவில்லை.

டக்.
பிறகு பறை.
பறை என்றால், கண்ணாடியில் தொங்கிய தஸ்பீ மணிகள்
தாமாகவே ஆடத் தொடங்கின.
அதன் மேல் அரை மீட்டர் குழாய், ஒரு மீட்டர் குழாய்,
ஒன்றரை மீட்டர் குழாய்,
மட்டக்களப்பு வினோதரூபன் அடிக்கிறான்.
(கூட்டினேன். மூன்று மீட்டர்.
மிச்சம் மூன்று எங்கே?)
அப்புறம் ஈரத்துணியில் இஸ்திரிப்பெட்டி விழுந்தாற்போல
ஒரு ஸ்ஸ்,
அதற்குள்ளிருந்து தயாளினியின் குரல்.
லாண்டரிக்காரி. என் துப்பட்டாக்களைத் தேய்ப்பவள்.
இவ்வளவு நாள்
"அஞ்சு திர்ஹாம் அக்கா" என்ற அளவுக்கு மட்டுமே
எனக்குத் தெரிந்த குரல்.

இரண்டாவது பாட்டு லேபர் பஸ் பிடிக்க ஓடுகிற ஓட்டம்.
மூன்றாவது சுமார். காதல் பாட்டு,
கீபோர்டு யாரோ பக்கத்து ரூமிலிருந்து வாசிக்கிறார்கள்.
நான்காவதில் குல்சாரே ஹோய் என்கிறார்.
திரும்பிப் பார்த்தேன்.
ரோட்டை மட்டும் பார்த்தபடி ஓட்டினார்.

ஐந்தாவது. டக்.
"நான் ஹெப்சிபா பேசுறேன், ஸ்டோர்ல இருந்து.
பதினேழு கப்ளர் எங்கே?"

என் குரல்.
போன மாதம் குரூப்பில் போட்ட வாய்ஸ் மெசேஜ்.
அதே கோபம், அதே மூக்கடைப்பு.
*எங்கே? எங்கே? எங்கே?*
என்று வெட்டி வெட்டி மூன்று தரம்,
பின்னால் இருபது தொண்டைகள்:
*இங்கே!*
உடனே இரும்பில் இரும்பு,
சரம் சரமாக.

வண்டியை நிறுத்தச் சொன்னேன்.
திட்டத்தான் வாயைத் திறந்தேன்.
"இன்னொரு தடவை போடுங்க" என்று வந்தது.

எண்ணுவது என் தொழில்.
பதினாறு அடி.
மறுபடி போட்டோம். பதினாறு.
ரவுண்டானாவில் இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றி
மறுபடியும் போட்டோம்.
பதினாறுக்குப் பிறகு ஓர் இடைவெளி,
கையை ஓங்கி யாருக்கோ காத்திருக்கிற மாதிரி,
அதற்குப் பிறகுதான் பறை திரும்ப நுழைகிறது.

ஆபீசில் ஏசி இருமிக்கொண்டிருந்தது.
முதலாளி மூன்று தரம் கூப்பிட்டாராம்.
ரிஜிஸ்டரைத் திறந்தேன்.
'குறைவு' என்று எழுதியதை அடித்து
'வாடகையில் உள்ளது' என்று எழுதினேன்.
எண்ணிக்கை எழுதும்போது கை நின்றது.

மேஜையில் பில்கள் பறக்காமலிருக்க
மே மாதம் நானே யார்டிலிருந்து எடுத்து வைத்த கனம்,
துருப்பிடித்தது,
அரைக்கிலோவுக்கு மேல் இருக்கும்.
பில்களை ஒதுக்கிவிட்டு அதைத் தூக்கினேன்.

மேஜையின் இரும்புக் காலில்
ஒரே ஒரு அடி.

எதிர் மேஜை நேபாளிப் பையன்
கால்குலேட்டரிலிருந்து நிமிர்ந்து பார்த்தான்.