மூன்றாம் பலகை

மதகில் ஏழு பலகைகள், ஒன்றன்மேல் ஒன்றாய்.
மேல் பலகையை எடுத்தால் பகல் முழுதும் காய்ந்த நீர் போகும்.
அடிப் பலகையை எடுத்தால்
கறுத்த சேறும் அதன் அழுகிய முட்டை வாடையும்.
நடுவில் இருப்பவை வழக்குக்குரியவை.

பூன் சங்குக்கு இறால் வேண்டும்.
குளம் தளும்பி நிற்க வேண்டும்,
விடியலுக்கு முந்திய அந்த ஒரு மணி நேரம்
நீருக்கு மூச்சு முட்டி
இறால்கள் மீசையை மேலே நீட்டாதிருக்க வேண்டும்.

யிக் லாய்-யின் பறவை எண்ணுகிறவள்.
அவளுக்குக் குளம் வடிய வேண்டும்,
கருமுகக் கரண்டிவாயனின் முழங்கால் வரை.
ஒரு விரற்கடை கூடினாலும்
கொரியாவிலிருந்து பறந்து வந்தது
இங்கே இறங்காது என்பாள்.

நான் பலகைக்காரி. மௌ ஸாவ்-ஹெங்.
இரண்டு கொக்கி, ஒரு தலைவிளக்கு,
மார்பளவு ரப்பர் கால்சட்டை.
விரிகுடாவுக்கு அக்கரையில்
ஷென்ஜென் அடுக்குமாடிகள் இரவெல்லாம் எரிகின்றன.
அந்த வெளிச்சத்தில் ஓத அட்டவணையைப் படித்துவிடலாம்.

ஏற்றத்தில் திறப்பேன்.
கடல் உள்ளே வரும்போது ஓசை குறைவு,
போகும்போதுதான் புலம்பல்.
கண்ணிமை முடியளவு இறால் குஞ்சுகள்
அதனோடு வரும்; கேட்காத நண்டும் வரும்.
ஆற்றின் நன்னீர் உப்பின் மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும்,
கலக்க மனமில்லாத
இரண்டாம் கல்யாணம் போல.

கண்டல் திட்டுக்குப் பின்னால் ஒரு மூலை,
அங்கே எதுவும் அசையாது.
பம்ளிமாஸ் தோலைக் கிள்ளிப் போட்டுப் பார்ப்பேன்.
ஆறு ஓதம் ஏறி இறங்கியும்
அதே இலைக்குப்பையில் சுற்றிக்கொண்டிருந்தது தோல்.
குளத்துக்கும் மறதி உண்டு, அது அந்த மூலையில் இருக்கிறது.

நவம்பரில் கடைசி அறுவடைக்கு இரண்டு நாள் முன்பு
எனக்குக் காய்ச்சல்.
நீரைச் சற்றே மாற்ற
இரண்டு பலகை எடுத்தால் போதும், வலை கட்டத் தேவையில்லை.
ஊறிப் பெருத்த மூன்றாவது
இரண்டாவதோடு ஒட்டிக்கொண்டு வந்தது.
கரையில் சாய்த்து வைத்தேன்,
திருப்பிப் போடலாம் என்று உட்கார்ந்தேன்.

விழித்தபோது வற்றம் முடிந்திருந்தது.
பலகையைக் காணோம்.
அது எங்கோ விரிகுடாவில் மிதந்துகொண்டிருக்க வேண்டும்,
இறால்களுக்குப் பின்னால்.

சாம்பல் நிற விடியலில்
குளம் தன் எலும்பைக் காட்டிக் கிடந்தது.
முப்பத்தொரு கரண்டிவாயன்கள், முழங்கால் நீரில்,
அலகை இடமும் வலமும் வீசி
இல்லை, இல்லை, இல்லை என்று தலையாட்டியபடியே
அகப்பட்டதையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தன.
சேற்றில் துள்ளும் மீன்கள் வால் ஊன்றி வேடிக்கை பார்த்தன.
செத்த மூலையிலிருந்து மதகு வரை
கைச்சாண் அகலத்தில் ஒரு புது வாய்க்கால்:
யாரும் வெட்டவில்லை,
போகிற அவசரத்தில் நீரே கீறிக்கொண்டது.

பூன் சங் வந்தார். திட்டவில்லை.
மதகுக் கல்லில் உட்கார்ந்து சிகரெட்டைப் பற்றவைத்து
வெகுநேரம் கழித்து, "எந்தப் பலகை?" என்றார்.
"மூன்றாவது."
லாய்-யின் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்
அதையே குறித்துக்கொண்டாள்.
அந்த மாதச் சம்பளத்தில் கால்பகுதி போயிற்று.
அவளுடைய நோட்டுப் புத்தகத்தில்
அன்று என் பெயர் இல்லை, நீர்மட்டம் மட்டும்.

புதுப் பலகை வேறு மரம்.
காடியில் சரியாக உட்காரவில்லை,
குளம் நிறையும்போதெல்லாம்
அதன் ஓரத்தில் நூலாக நீர் கசிகிறது.
தோல்கள் இப்போது மூலையில் தங்குவதில்லை.
அடைத்துவிடு என்று பூன் சங் சொல்லவில்லை.
பெரிதாக்கு என்று லாய்-யினும் சொல்லவில்லை.
பஞ்சும் தாரும்
என் பையில்தான் இருக்கின்றன.