இருபது தெத்ரி

'கடிக்கிறான்' என்று
குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்,
நாள் போட்டு, நேரம் போட்டு.
திங்கள், பதினொன்றே கால்: நுத்ஸாவின் தோள்.
புதன், பதினொன்றே கால்: மறுபடி நுத்ஸா.
வெள்ளி: என் மணிக்கட்டு.
மேலே நான்கு, கீழே நான்கு,
பிரித்த தையலின் தடம்போல் ஒரு வளையம்.

ரெஸோவுக்கு மூன்றரை வயது.
சூப்பில் மிதக்கும் கொத்தமல்லித் தழையை
ஒவ்வொன்றாய் எடுத்துத் தட்டின் விளிம்பில் ஒட்டுவான்.
யாராவது கதவை அறைந்து சாத்தினால் போதும்,
பொம்மைகளை அடுக்கத் தொடங்கிவிடுவான்
பெரியது, சிறியது, அதனினும் சிறியது என்று.
'என்ன சமர்த்து!' என்றார் எங்கள் தலைமையாசிரியை.
நான் வாயைத் திறக்கவில்லை.

பதினொன்றே காலுக்குத்தான்
கீழ்த்தளச் சமையலறையிலிருந்து
சூப் குண்டானை ஏற்றிக்கொண்டு
சுவருக்குள் உறுமி வருகிறது
எங்கள் பள்ளியின் குட்டி லிஃப்ட்.
இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு வாரம் ஆனது.
எனக்கு!
அவன் வீட்டுக்கு நேர் கீழே குடியிருக்கும் எனக்கு.

க்ல்தானியில் எங்கள் கட்டடத்துக்கு ஒன்பது மாடி.
லிஃப்டில் ஏற இருபது தெத்ரி போட வேண்டும்.
இரவு பத்து மணிக்கு மேல்
காசு விழும் சத்தம் ஆறாவது மாடிவரை கேட்கும்.
பிறகு கம்பிவடம் முனகும்.
மேலே, ஏழில், தொலைக்காட்சி வாயடைக்கும்.
ஒரு நாற்காலி நகரும்.
குட்டிக் கால்கள் தடதடவென்று ஓடி
என் அலமாரிக்கு மேலே எங்கேயோ நின்றுபோகும்.
அப்புறம் சாவி.

அப்புறம் பல நாள் ஒன்றுமே இல்லை.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.
பல நாள் அந்த மனிதன் சிரித்துக்கொண்டே சாப்பிட்டான்,
ஒருமுறை மகனைத் தோளில் ஏற்றிப் பாடக்கூடச் செய்தான்.
இன்று எந்த நாள் என்று
காசு விழும்போது தெரியாது,
அவ்வளவுதான்.
தெரிந்த நாள்களில்
என் தொலைக்காட்சியின் சத்தத்தை
நான் கூட்டி வைத்துக்கொண்டேன்.

ஜனவரியில் லிஃப்ட் பழுதானது.
காசு இல்லை, வடம் இல்லை,
ஏழு மாடிப் படியில் எந்தக் காலடி யாருடையதோ.
நாற்பது விநாடி முன்னறிவிப்புத்தான்
அவனுக்கு இருந்த ஒரே சொத்து.
அதுவும் போனபின்
பள்ளியில் நாள் முழுக்கக் கதவையே பார்த்திருந்தான்,
கழுத்து வலிக்குமே என்று நான் நினைக்குமளவு.

ஒருநாள் மேலே ஏறிப்போய்க் கதவைத் தட்டினேன்.
ஷோரேனா பாதி திறந்தாள். உப்புக் கேட்டேன்.
கொடுத்தாள்.
மறுநாளும் உப்புக் கேட்டேன்.
நான்காம் நாள்,
'மஸியா, உங்கள் வீட்டில் அவ்வளவு உப்பா செலவாகிறது?'
என்று கேட்டவள்
கதவை முழுசாய்த் திறந்துவிட்டு அழுதாள்.

ஏப்ரலில் தாயும் பிள்ளையும் இடம் மாறினார்கள்.
இரண்டு தெரு தள்ளி, தரைத்தளத்தில் ஒற்றை அறை.
கடி நின்றதா என்றால், இல்லை.
முதலில் கூடியது.
குறிப்பேட்டில் மே மாதத்துக்கு மட்டும் ஐந்து பக்கம்.
பயப்படக் கடைசியில் இடம் கிடைத்தவன்
எல்லாவற்றையும் அங்கேயே கொட்டினான்போல.

ஜூனில் ஒருநாள்
ஜன்னல் கம்பியில் கயிறு கட்டி
தயிர்க் கோப்பை ஒன்றைத் தொங்கவிட்டான்.
'காசு போடு' என்றான் என்னிடம்.
பையைத் துழாவி இருபது தெத்ரி கொடுத்தேன்.
உர்ர்ரென்று தானே முனகிக்கொண்டு
கோப்பையை மேலே இழுத்தான்.
எட்டிப் பார்த்தான்.
உள்ளே ஒரு பிளாஸ்டிக் கோழி.
அதை நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு
'கோழிதான்' என்றான்.
கீழே விட்டான். மறுபடி காசு கேட்டான்.

அப்போதுதான் சுவருக்குள் சூப் உறுமியது.
கயிற்றின்மேல் கை அப்படியே நின்றது.
பக்கத்தில் நுத்ஸா
சட்டென்று தன் தோளைப் பொத்திக்கொண்டாள்.

'இது சூப்பு' என்றான் ரெஸோ,
யாருக்குச் சொன்னானோ.

அவள் கையை எடுக்கக் கொஞ்ச நேரமாயிற்று.