பன்சோடான் தெருவில் வாங்கியது

மழைக்குத் தார்ப்பாய் இழுத்துக் கட்டிக்கொண்டே
ஊ சோ தெய்ன் விலை சொன்னார்: மூவாயிரம் கியாட்.
அட்டை இல்லை. வியாழன் இருக்கிறது,
சனியின் பக்கத்தை யாரோ கிழித்துவிட்டார்கள்.

முப்பத்தெட்டாவது தெரு, ஏழாம் மாடி.
கரண்ட் போன இரவில் டார்ச் பிடித்துப் படித்தால்
ஓரமெல்லாம் பென்சிலில் பர்மிய எழுத்து,
வட்டம் வட்டமாய், குட்டிக் கோள்கள் மாதிரி:
வாசோ பிறை நான்கு, மேகம்.
பிறை ஒன்பது, மேகம்.
பௌர்ணமி, மேகம், தம்பிக்குக் காய்ச்சல்.
எழுபதாம் பக்கத்தில் மட்டும், தேதிகூட இல்லாமல்,
"பார்த்துவிட்டேன்."

எதை என்று எழுதவில்லை.
போன தாளின் விளிம்பைத் தடவிப் பார்த்தேன்;
கத்தரியால் நேராக வெட்டியது.
சுவரில் ஒட்டியிருப்பாள், அவளேதான்.

மொட்டைமாடிக்கு ஏறி, நனைந்து இறங்கி,
அடியில் தமிழில் எழுதினேன்:
மேகம்.