வத்தினது

குனிந்து சப்பாத்துக் கட்டினால்
வூப்பர்ட்டால் நகரமே
மூன்று விநாடி சாம்பலாகிறது.
தொங்குரயில் போனபின்னும்
காதுக்குள் ஓர் ஆறு
என் நாடியின் கணக்கில் இரையும்.

முதுகில் ஊசி இறக்கி
தண்ணீரின் அழுத்தம் அளந்தார்கள்.
டொக்டர் கிரேவெ காட்டிய படத்தில்
என் கண் நரம்பு
மழைக்கு முந்தின நிலா:
விளிம்பு எதுவென்று தெரியவில்லை.
"எடை குறையுங்கள். பார்வைக்காக."

மாத்திரையால் விரல்நுனி கூசியது,
கோலா துருவாய்க் கைத்தது. அது போயிற்று.
சோறு பாதியாயிற்று.
ஒன்பது மாதம், பதினொரு கிலோ.

கலியாண மண்டபத்தில் திலகேஸ்வரி அன்ரி
கன்னத்தைத் தொட்டுப் பார்த்து
"என்ன வருத்தம் பிள்ளை?
முகம் வத்திப்போச்சே" என்றா.

வத்தினது முகமில்லை, அன்ரி.

இன்று இருட்டறையில்
ஒளிப்புள்ளி ஒவ்வொன்றுக்கும்
பொத்தானை அமுக்குகிறேன்.
இரண்டு தரம்
இல்லாத புள்ளிக்கும் அமுக்கினேன்,
ஆசைதான்.