தடுப்புக்கு அந்தப் பக்கம்

வூட்ஜ் நகருக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டர்.
என்ஜின் ஒருமுறை இருமி அடங்கியது.
உருண்டவரை உருளவிட்டு
ஓரத்தில் ஒதுக்கினாள் போக்னா.
நான்கு விளக்குகளும் சிமிட்டத் தொடங்கின.

பின்னிருக்கையில் கேக்.
மூன்று அடுக்கு,
சர்க்கரையில் நாற்பத்திரண்டு பியோனிப் பூக்கள்.
ஐந்து மணிக்குக் கல்யாணம்.

"நான் இதோடு உட்கார்ந்திருக்கிறேன்" என்றான் ராடோஷ்.
"இறங்கு."
"மழை..."
"வலப்பக்கமாக இறங்கு."
அவளும் கியரைத் தாண்டி, பாவாடை சிக்க,
அதே கதவு வழியாக வந்தாள்.

மஞ்சள் அங்கியை மாட்டிக்கொண்டு
தடுப்புக்கு வெளியே, புல்லில் வழுக்கி,
நூறு எட்டு எண்ணப் போனாள்.
எண்பதில் ஒரு லாரி.
காற்று கன்னத்தில் அறைய
எண்ணிக்கை தப்பியது.
குறைவதைவிடக் கூடட்டும் என்று
இன்னும் நடந்து
முக்கோணத்தை வைத்தாள்.

பிறகு காத்திருப்பு.
முழங்கால்வரை ஈரக் காஞ்சொறி.
ஒவ்வொரு லாரிக்கும் கார் நடுங்கியது,
ஒவ்வொரு நடுக்கத்துக்கும்
மேலடுக்கு கொஞ்சம் சாய்ந்தது.
கண்ணாடி வழியே எல்லாம் தெரிந்தது.

"ஒரே நிமிஷம். கையால் தாங்கிக்கொள்கிறேன்."
தடுப்பின்மேல் அவன் கால்.
அங்கியின் வாரைப் பிடித்தாள்.
பேசவில்லை.
விடவுமில்லை.

இழுவை வண்டி வர ஐம்பது நிமிஷம்.
முக்கோணத்தை எடுத்துவரப் போன ஓட்டுநர்
ஒரு கைப்பிடிச் சிவப்புத் துண்டுகளோடு திரும்பினார்.
எப்போது, எந்த வண்டி,
இருவருக்கும் தெரியவில்லை.

உயரமான இருக்கையில், மடியில் கேக்கோடு,
ராடோஷ் வெகுநேரம் குனிந்திருந்தான்.
"பதினொரு பூ நசுங்கிவிட்டது."
"மீதி முப்பத்தொன்று" என்றாள்
ஜன்னலைப் பார்த்தபடி.
வார் இன்னும் அவள் கையில்.