வடக்குச் சுவர்

இந்த நாட்டில் வெயில் வடக்கே நிற்கும்.
சமையலறைப் பின்சுவர் வடக்கு பார்த்தது.
ஜூலையிலும் நாலு மணிக்குத் தொட்டால்
சற்றுமுன் யாரோ சாய்ந்திருந்த வெதுவெதுப்பு.
ஹாரிஸ்மித்தில் நான் கண்டுபிடித்த டர்பன்
அவ்வளவுதான்: இரண்டரை மீட்டர் செங்கல்.

முதல் கொடி டொங்காட்டிலிருந்து வந்தது,
தம்பி சகாதேவனின் லாரியில்
வான் ரீனன் கணவாய் ஏறி.
ஊதா கிரனடில்லா.
மே பத்தொன்பது, மைனஸ் ஆறு.
விடிந்தபோது இலையெல்லாம் வேகவைத்த கீரை.

சகாதேவன் போனில் சிரித்தான்:
"நம்ம ஆட்களை அந்த மாகாணத்தில்
ராத்தங்க விட்டதில்லையே அக்கா,
செடிக்கும் அதே சட்டம்."

சட்டம் போய் வெகுகாலம்.
அப்பாவின் வேன் இங்கே பழுதாகி நின்ற கதையில்
போலீஸ்காரர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.
நான் எட்டு வருடமாகத் தூங்குகிறேன்,
முதலில் மருந்துக்கடை மாடியில், பிறகு இந்த வீட்டில்.
உறைபனிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

அது சத்தம் போடாது.
காற்று நிற்கும். நட்சத்திரம் கூராகும்.
பிளாட்பெர்க் கறுத்த மேசையாகும்.
நாய்த்தட்டுத் தண்ணீரில்
முதல் ஊசி விழும்.

இரண்டாவதை பெத்லகேம் கூட்டுறவுக் கடையில் வாங்கினேன்.
நீல இனம்.
"பழம் சப்பென்றிருக்கும், வேர் பிடிவாதம்"
என்றார் விற்றவர், என்னைப் பார்க்காமல்.

முதல் குளிருக்குத் தொட்டியில், வீட்டுக்குள்,
சலவை இயந்திரத்தின் மேல் நடுங்கிக்கொண்டு.
செப்டம்பர் கடைசியில் மண்ணில்.
அடியில் உடைந்த ஓடு, நீர் தேங்காதிருக்க.
குளிரைவிட ஈரக்கால்தான் கொல்லும் என்று
கடைக்கு வரும் கிழவர்களிடம் சொல்வதை
அதனிடமும் சொன்னேன்.

அடுத்த மே மாதம் வைக்கோல்,
மேலே உருளைக்கிழங்குச் சாக்கு,
அதற்கும் மேலே
கல்யாணத்தில் வந்து யாரும் போர்த்தாத நைலான் கம்பளி.
கருகிய தண்டை வெட்டவில்லை.
செத்தது கிடக்கட்டும்,
உள்ளே இருப்பதற்கு அதுவும் ஒரு போர்வை.

மைனஸ் ஒன்பது. மைனஸ் ஒன்பது.
ஒரே ஒரு இரவு மைனஸ் பதினொன்று:
குழாய் வெடித்த இரவு.

அக்டோபர்.
பீச் மரங்கள் பூத்து முடித்து இலைக்குப் போயின.
என் சுவரடியில் குச்சி.
நகத்தால் கீறினேன், பழுப்பு.
இன்னும் கீழே. பழுப்பு.

மண்வெட்டி எடுத்த அன்றுதான்
வேலிக்கு அப்பால் ஹென்ட்ரீனா ஸ்டெயின் கூப்பிட்டாள்,
எட்டு வருடத்தில் குப்பை வண்டி நாள் தவிர
வேறெதுவும் பேசாதவள்.
"இது உன்னுடையதா?"

அவள் கார் நிற்கும் சிமெண்ட் விரிசலில்
ஒரு சாண் தளிர்.
சுருண்ட பற்றிழை ஒன்று
கேட் கம்பியை ஏற்கெனவே பிடித்துவிட்டிருந்தது.
எந்தச் சீட்டும் இல்லாமல்
மண்ணுக்கடியில்
இரவோடிரவாகக் கடந்திருக்கிறது.

பிடுங்கித் தரவா என்றாள்.
வேண்டாம் என்றேன்.
பிறகு, உங்களுக்கு இடைஞ்சலென்றால் என்றேன்.
பிறகு இருவரும்
காரை எங்கே நிறுத்துவது என்று பேசினோம்.

ஜனவரியில் பூத்தது.
அவள் விரல்விட்டு எண்ணினாள்:
மூன்று ஆணி, ஐந்து காயம், சுற்றிலும் முள்முடி.
நான் எண்ணினேன்:
ஐவர், அவர்களைச் சூழ்ந்து நூற்றுவர்,
நடுவில் மூன்றை எங்கே வைப்பதென்று
எங்கள் வீட்டில் எப்போதும் சண்டை.
ஒருத்தி கணக்கு மற்றவளுக்கு விளங்க
ஒரு கோப்பை ரூயிபோஸ் ஆறிப்போயிற்று.
முதுகெல்லாம் மஞ்சள் தூளோடு
கருவண்டு ஒன்று சுற்றிச் சுற்றி நடந்தது.
மறுநாள் பார்த்தபோது பூ மூடியிருந்தது.
பழம், சொன்னபடியே, சப்பென்று.

இன்று மே பதினேழு.
மலைமேல் காற்று நின்றுவிட்டது.
கடை பூட்டி, சாக்கோடு வேலி தாண்டுகிறேன்.
எனக்கு முன்பே
தண்டைச் சுற்றி ஒரு தடித்த ரக்பி ஜெர்சி,
இரு கைகளும் முன்னால் இழுத்து முடிச்சிட்டு.

அதன் மேல் சாக்கைப் போடுகிறேன்.
அவள் கார் தெருவில் நிற்கிறது,
கண்ணாடி வெளுத்துக்கொண்டு வர.