நாலு பத்துக்கு இறந்த குதிரை

குரேசாரே தீவில் டிசம்பர்.
மூன்றரைக்கே இருட்டிவிடும்.
மைமு அழைத்தாள்:
"உங்கள் படிவத்தில் தூலி நாலு பத்துக்கு இறந்திருக்கிறது.
சன்னலுக்கு வெளியே
விளக்குக் கம்பத்தடியில் வைக்கோல் தின்கிறது.
எதை நம்புவது?"

கால்நடை மருத்துவமனை வரவேற்பில்
பதினாறு வருடம் இருந்தவள்.
கடிக்க வரும் பிராணியிடம் காட்டும் நிதானத்தை
என்னிடமும் காட்டினாள்.

நடந்தது இவ்வளவுதான்.
'நிலை' என்றொரு பட்டியல். தொட்டால் கீழே விரியும்:
உயிருடன், சிகிச்சையில், விற்கப்பட்டது, இறந்தது.
அதைத் தொட்டு, பார்த்து, மூடிவிட்டு
பக்கத்தைக் கீழே தள்ள
சுட்டியின் சக்கரத்தை உருட்டியிருக்கிறாள்.
பக்கம் அசையவில்லை.
பட்டியல் அசைந்தது.
சக்கரத்தின் மூன்று பல்,
ஒரு குதிரை.

"ரத்து செய்ய வழி வை" என்றான் தார்வோ,
எதிர்மேசையில் கம்பளிக் காலுறையோடு.
"நிச்சயமா என்று கேள்.
இல்லை என்றால் பழையதை எடுத்து வை."

பழையது எங்கே இருக்கிறது?

உள்ளே தேடிப் பார்த்தேன்.
'மாற்றம்' என்கிற நிகழ்வு
மாறி முடிந்த பிறகுதான் வந்து கதவைத் தட்டுகிறது.
கையில் புது மதிப்பு.
முந்தையதைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறது.
பக்கம் திறந்தபோது என்ன இருந்தது என்று
ஓர் ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறது, உண்மைதான்,
ஆனால் அது காலையில் இருந்தது.
மதியம் அவளே
'சிகிச்சையில்' என்று மாற்றி, பிறகு
'உயிருடன்' என்று திரும்ப வைத்ததெல்லாம்
அதற்குத் தெரியாது.

ஆகவே பட்டியலின் மேல் கவனம் விழும் அந்தக் கணமே,
விரல் எதையும் தேர்வதற்கு முன்னால்,
இருப்பதை ஒரு மாறியில் எடுத்து வைத்தேன்.
அதற்கு 'முன்பு' என்று பெயரிட்டேன்.
ஒவ்வொரு முறை அவள் 'ஆம்' சொல்லும்போதும்
முன்பைப் புதுப்பிக்க வேண்டும்.
மறந்தால், இரண்டாவது தவறைத் திருத்தப் போய்
முதல் தவறுக்கும் முந்தைய காலத்தில் போய் விழுவாள்.
(மறந்தேன். விழுந்தாள். அது செவ்வாய்க்கிழமை.)

புதன்கிழமை எல்லாம் சரி.
சக்கரத்தை உருட்டினேன்,
"நிச்சயமா?" என்றது,
"இல்லை" என்றேன்,
தூலி உயிர்த்தது.

கீழே பார்த்தேன்.
இறந்த தேதிக்கான கட்டம் அப்படியே திறந்திருந்தது.
அதில் இன்றைய தேதி.
நாம் நிரலால் திருப்பி வைக்கும்போது
யாரும் யார் கதவையும் தட்டுவதில்லை.
பட்டியல் பின்வாங்கியது
மற்ற கட்டங்களுக்குச் சொல்லப்படவே இல்லை.
அவை துக்கத்தைத் தொடர்ந்துகொண்டிருந்தன.
நானே ஒவ்வொன்றாகப் போய்த் தட்டினேன்:
தேதியை மூடு. காரணத்தை அழி.
காப்பீட்டை மறுபடி திற.

குறுஞ்செய்திக்கு மட்டும் கதவில்லை.
திங்கள் நாலு பதினொன்றுக்கே அது போய்விட்டது,
தீவின் மறுமுனைக்கு, எண்டெல் என்பவரின் பைக்கு:
உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்.

மைமு உடனே அவரை அழைத்திருக்கிறாள்.
எடுக்கவில்லை, வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.
ஆறு மணிக்குப் பனியில் வந்து இறங்கினாராம்,
குதிரைக் கடிவாளத்தை வாங்கிப் போக
ஒரு வெறும் சாக்கோடு.
முற்றத்தில் நின்றாராம்.
தூலி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு
மீண்டும் வைக்கோலுக்குக் குனிந்ததாம்.

"திட்டினாரா?" என்றேன்.
"இல்லை. சாக்கை மடித்தார்.
அதன் கழுத்தில் கை வைத்துக்கொண்டு
வெகுநேரம் நின்றார்.
பிறகு உள்ளே வந்து
காப்பி இருக்கிறதா என்றார்."

தார்வோ கிளம்பும்போது கேட்டான்:
"இவ்வளவும் எதற்கு?
அந்தப் பட்டியலின் மேல் சக்கரம்
வேலை செய்யாமல் நிறுத்தினால் போதாதா?"

ஒரே வரி.
வியாழன் காலை அதையும் எழுதினேன்.
'முன்பு' என்ற மாறியை அழிக்கவில்லை.